வன்னி: நிலமும் மக்களும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த மருமக்களும் தமிழ்நாட்டு நண்பர்களும் வன்னியைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலோர் வன்னியைப் போர்ச் செய்திகளில்தான் கேள்விப்பட்டிருக்கிறார்கள். அங்கே என்ன மண், என்ன தண்ணீர், யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்கத் தொடங்கினால் பேச்சு முடிவதில்லை.

வன்னி என்பது சரியாக எந்தப் பகுதி?

யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து ஆனையிறவைத் தாண்டித் தெற்கே வந்ததும் தொடங்கும் பெருநிலப்பரப்புதான் வன்னி. இன்றைய நிர்வாகக் கணக்கில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்கள். மேற்கே மன்னார்க் கடல், கிழக்கே கொக்கிளாய், நாயாறு, நந்திக்கடல் என்று வரிசையாகக் களப்புகள் (தமிழ்நாட்டில் காயல் என்பார்கள்). தெற்கே அனுராதபுர மாவட்டக் காடுகளோடு எல்லை கலந்துவிடும்.

தேர்தல் காலத்தில் மட்டும் கணக்கு மாறும். வன்னித் தேர்தல் மாவட்டம் என்றால் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும்தான். கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேர்ந்துவிடும். செய்தித்தாளில் எண்களைப் பார்ப்பவர்கள் இதில் அடிக்கடி குழம்புகிறார்கள்.

பழைய பெயர் அடங்காப்பற்று. பனங்காமம், முள்ளியவளை, கருநாவல்பற்று, கரிக்கட்டுமூலை என்று பற்றுப் பற்றாகப் பிரிந்து வன்னிமைகள் என்னும் குறுநிலத் தலைவர்கள் ஆண்ட நிலம். போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் இந்தத் தலைவர்கள் யானைகளைத் திறையாகக் கொடுத்தார்கள். கொடுக்க மறுத்த காலங்களும் உண்டு. 1803இல் வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்ததும், அதே ஆண்டு கற்சிலைமடுவில் தோற்றதும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் முதலில் கேட்கும் வரலாறு.

பரப்பு எவ்வளவு? எத்தனை பேர் இருக்கிறார்கள்?

நான்கு மாவட்டங்களும் சேர்ந்து சுமார் 7,860 சதுர கிலோமீற்றர். இலங்கையின் பரப்பில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. 2012 கணக்கெடுப்பின்படி அங்கே இருந்தவர்கள் சுமார் 4 இலட்சத்து 77 ஆயிரம் பேர். நாட்டு மக்களில் நூற்றுக்கு இரண்டரைப் பேருக்கும் குறைவு. பக்கத்திலிருக்கும் யாழ்ப்பாண மாவட்டம் 1,025 சதுர கிலோமீற்றர்தான், ஆனால் அதே ஆண்டில் அங்கே 5 இலட்சத்து 83 ஆயிரம் பேர் இருந்தார்கள். ஏழு மடங்குக்கும் மேல் பெரிய நிலத்தில் அதைவிடக் குறைந்த மக்கள்.

அதிலும் முல்லைத்தீவு தனி. 2,617 சதுர கிலோமீற்றரில் 92 ஆயிரம் பேர். இலங்கை முழுவதற்கும் ஒரு சதுர கிலோமீற்றருக்கு முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் என்றால், இங்கே நாற்பது பேருக்கும் குறைவு. நாட்டிலேயே மக்கள் மிகக் குறைவாக இருந்த மாவட்டம் அதுதான். 2024 கணக்கெடுப்பில் தொகை ஓர் இலட்சத்தைத் தாண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டு வாசகர்கள் நீலகிரியை நினைத்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டின் மாவட்டங்களில் மக்கள் நெருக்கம் மிகக் குறைந்தது அது. பரப்பும் முல்லைத்தீவின் அளவுதான். 2011இல் அங்கே 7 இலட்சத்து 35 ஆயிரம் பேர். அவர்களில் எட்டுப் பேருக்கு ஏழு பேரை எடுத்துவிட்டால் மிஞ்சுவதுதான் முல்லைத்தீவு.

இவ்வளவு நிலம் இருந்தும் ஏன் இவ்வளவு குறைவான மக்கள்?

முதல் காரணம் தண்ணீர். யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக்கல் நிலம். எங்கே தோண்டினாலும் சில அடியில் கிணற்று நீர் கிடைக்கும். அதனால் வீட்டுக்கு ஒரு கிணறும் கிணற்றைச் சுற்றித் தோட்டமுமாக ஊர்கள் நெருங்கி வளர்ந்தன. வன்னியின் பெரும்பகுதி கடும்பாறையின் மேல் கிடக்கிறது. நிலத்தடி நீர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அகப்படாது. மழையோ ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் மூன்று மாதமாகக் கொட்டித் தீர்த்துவிடும். வைகாசியில் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் ஆவணி வரைக்கும் மண் வெடித்துக் கிடக்கும். அந்த மூன்று மாத மழையைப் பிடித்து வைத்தால்தான் மீதி ஒன்பது மாதம் வாழலாம். ஆகவே குளம் இருந்த இடத்தில் ஊர் இருந்தது. குளம் உடைந்த இடத்தில் ஊரும் கலைந்தது.

இரண்டாவது மலேரியா. குளக்கட்டு உடைந்தால் தண்ணீர் குட்டை குட்டையாகத் தேங்கும். அங்கே நுளம்பு பெருகும். காய்ச்சலில் ஆட்கள் குறையக் குறையக் கட்டைத் திருத்த ஆளிருக்காது. திருத்தாத கட்டினால் இன்னும் குட்டைகள். இந்தச் சுழலில் அழிந்த கிராமங்கள் காட்டுக்குள் எத்தனையோ. 1940களின் நடுவில் டிடிடி தெளிக்கத் தொடங்கிய பிறகுதான் வன்னியில் குடியேறுவதற்கு வெளியூரார் துணிந்தார்கள். 1963இல் இலங்கை முழுவதிலும் 17 பேருக்கு மட்டுமே மலேரியா என்ற நிலை வந்தது. பிறகு தெளிப்பைத் தளர்த்தவும் நோய் மீண்டும் பரவியது. கடைசியில் 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ‘காய்ச்சல்’ என்று மட்டும் சொன்னால் அது மலேரியாதான். வேறு காய்ச்சலுக்குத்தான் பெயர் சொல்வார்கள்.

மூன்றாவது போர். அதைத் தனியாகக் கீழே சொல்கிறேன்.

எதைப் பேசினாலும் குளத்தில் வந்து நிற்கிறீர்களே, வன்னிக் குளம் எப்படி இருக்கும்?

தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் என்று சொல்வதைத்தான் நாங்கள் குளம் என்கிறோம். குளிக்கும் கோயில் குளத்தை நினைத்துக்கொண்டு இரணைமடுவுக்கு வந்தவர்கள் கட்டில் ஏறியதும் கடலைப் பார்த்ததுபோல் நின்றுவிடுவார்கள்.

சரிந்து போகும் நிலத்துக்குக் குறுக்கே மண்ணால் ஒரு நீண்ட கட்டு. கட்டுக்கு அடியில் துருசு. அதைத் திறந்தால் வாய்க்கால் வழியே வயலுக்குத் தண்ணீர் போகும். ஒரு பக்கத்தில் வான். குளம் நிரம்பினால் மேலதிக நீர் அதன் வழியாக வழிந்தோடும். கட்டுக்கு எதிர்ப்புறம் தண்ணீர் ஏறி இறங்கும் கரைதான் அலைகரை. கோடையில் அலைகரையில் புல் முளைக்க, மாடுகள் அங்கே இறங்கும்.

‘குளம் வான் பாயுதாம்’ என்ற சொல் ஊருக்குள் வந்தால் அன்றைக்கு வேறு வேலை கிடையாது. சிறுவயதில் அப்பப்பா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு போனது நினைவிருக்கிறது. வானில் வெள்ளை வெள்ளையாக நீர் உருண்டு விழ, அதை எதிர்த்துத் துள்ளும் மீனுக்காகப் பையன்கள் வலையோடும் பழைய சாக்கோடும் நிற்பார்கள். அப்பப்பா மீனைப் பார்க்கவில்லை. கட்டில் நட்டிருந்த அளவுகோலைத்தான் பார்த்தார். எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதில் அடுத்த ஆண்டுச் சாப்பாடு இருந்தது.

அது வெறும் பேச்சுக்குச் சொன்னதன்று. மழை நீரையும் குள நீரையும் நம்பிச் செய்யும் பெரும்போகம் மாசி, பங்குனியில் அறுவடையாகும். பிறகு சிறுபோகத்துக்குக் குளத்தில் மிஞ்சியிருக்கும் நீரை அளந்து, எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கமக்காரர்களும் அதிகாரிகளும் கூட்டம் கூடித் தீர்மானிப்பார்கள். நீர் போதாத ஆண்டில் காணி இருப்பவருக்குக்கூட அதில் ஒரு பங்குதான் விதைக்கக் கிடைக்கும். அந்தக் கூட்டத்தில் எழும் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும், வன்னியில் நிலத்தைவிடத் தண்ணீர்தான் சொத்து.

பெரிய குளங்கள் என்றால் இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், மன்னாரில் கட்டுக்கரைக்குளம். இரணைமடுவுக்குக் கனகராயன் ஆறு தண்ணீர் தருகிறது. 1902இல் வேலை தொடங்கி 1920 வாக்கில் கட்டி முடித்தார்கள். கிளிநொச்சி பட்டணமாக வளர்ந்ததே அந்தக் குளத்தினால்தான். 2018 டிசம்பரில் ஒரே இரவில் கொட்டிய மழையில் அதன் வான் கதவுகள் எல்லாம் திறக்கப்பட்டு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெள்ளத்தில் சிக்கின. தண்ணீர் போதாமையும் தண்ணீர் மிகுதியும் ஒரே ஊருக்கு ஒரே ஆண்டில் வரும்.

ஊர்ப்பெயர்கள் ஏன் இப்படி இருக்கின்றன?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. வன்னியின் ஊர்ப்பெயர்களைச் சத்தமாக வாசித்தாலே நிலத்தின் வரைபடம் கிடைத்துவிடும். மடு என்றால் ஆழமாகத் தண்ணீர் நிற்கும் இடம்: இரணைமடு, விசுவமடு, கற்சிலைமடு. இரணை என்பது எங்கள் பேச்சில் இரட்டை. மோட்டை என்பது சின்னக் குட்டை. கட்டு என்றால் குளக்கட்டு: முத்தையன்கட்டு. கேணி, ஊற்று எல்லாம் உண்டு: நெடுங்கேணி, தண்ணீரூற்று. முறிப்பு என்ற பெயரைக் கேட்டால் நின்று யோசியுங்கள். கட்டு முறிந்த குளம் என்று பொருள். தண்ணிமுறிப்பு என்ற பெயருக்குள் ஒரு வெள்ளமும், அதற்குப் பிறகு கலைந்துபோன குடும்பங்களும் இருக்கின்றன.

காட்டில் என்ன இருக்கிறது?

பாலை, வீரை, முதிரை, கருங்காலி, பனிச்சை, நாவல். வறண்ட காடு, மழைக்காடுபோல் கண்ணுக்கு இருட்டாக இராது. முதிரையும் பாலையும் வைரமேறிய மரங்கள், பழைய வீடுகளின் நிலைகளும் வளைகளும் அவற்றால் ஆனவை. கோடையில் பாலைப்பழம் பழுக்கும். மஞ்சளாக, விரல் நுனியளவு. தின்றால் தேன்போல இனிக்கும், ஆனால் பால் உதட்டில் ஒட்டிப் பிசின்போல இறுகிவிடும். பழம் பொறுக்கப் போகிறவர்கள் சத்தம் போட்டுக்கொண்டுதான் போவார்கள், ஏனென்றால் கரடிக்கும் அந்தப் பழம்தான் விருப்பம்.

யானைத் தொல்லை உண்மை. கதிர் பால்பிடிக்கும் நேரத்தில் இரவெல்லாம் காவல் பரணில் விழித்திருந்து வெடி கொளுத்துகிறார்கள். ஆட்கள் நெருக்கமாக இருக்கும் ஊரில் நாற்பது வயலுக்கு நாற்பது காவல்காரர் இருப்பார்கள். இங்கே ஒரு காட்டோர வயலுக்கு ஒரு மனிதர், ஒரு டார்ச் லைட்.

அங்கே இருப்பவர்கள் எல்லோரும் பரம்பரையாக அங்கேயே வாழ்ந்தவர்களா?

இல்லை. பழைய வன்னிக் குடிகள் குளக்கரைக் கிராமங்களில் உண்டு. முள்ளியவளை, ஒட்டுசுட்டான், பனங்காமம் பக்கத்தில் தலைமுறைகளை எண்ணிச் சொல்வார்கள். 1930களிலிருந்து யாழ்ப்பாணத்தின் காணி நெருக்கடியைக் குறைப்பதற்காகக் கிளிநொச்சிப் பக்கம் குடியேற்றத் திட்டங்கள் வந்தன. 1960, 70களில் படித்த வாலிபர்களுக்குக் காணி கொடுத்த திட்டத்தில் விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கங்களில் மிளகாயும் வெங்காயமும் செழித்தன. அக்காலத்தில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்ததால் நல்ல விலை கிடைத்தது.

மலையகத்திலிருந்து வந்தவர்களைப் பற்றி ஏனோ குறைவாகவே பேசுகிறோம். தமிழருக்கு எதிரான 1958, 1977, 1983 வன்செயல்களில் வீடிழந்து, தேயிலைத் தோட்டங்களை விட்டு வந்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக் காடுகளை வெட்டி வயலாக்கியவர்கள் அவர்கள். காந்தியம் என்ற அமைப்பு அவர்களைக் குடியேற்ற உழைத்தது. அவர்களில் பலருக்கு நெடுங்காலம் காணி உறுதி (நிலப் பத்திரம்) கிடைக்கவில்லை; போரின் இழப்பிலும் அவர்களுக்குப் பெரும் பங்கு இருந்தது. வன்னி யாருடையது என்று பேசும்போது இவர்களின் பெயரை முதல் வரிசையில் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முஸ்லிம்களும் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் வேர்விட்டு வாழ்ந்தவர்கள். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். இருபது ஆண்டுகளுக்குமேல் புத்தளத்து முகாம்களில் கழித்துவிட்டுத் திரும்பி வந்தவர்களின் காணியில் காடு வளர்ந்திருந்தது. முல்லைத்தீவின் தெற்கில் மணலாறு என்ற பகுதியில் 1984இல் தமிழ்க் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. பிறகு அங்கே சிங்களக் குடியேற்றம் நடந்து, இன்று வெலிஓயா என்ற பிரதேச செயலகப் பிரிவாக இருக்கிறது.

முல்லைத்தீவின் பழைய கணக்கெடுப்பு எண்கள் ஏன் கிடைப்பதில்லை?

1978இல்தான் முல்லைத்தீவு தனி மாவட்டமானது. 1981 கணக்கெடுப்பில் சுமார் 77 ஆயிரம் பேர். அடுத்து நாடு முழுவதும் எடுக்கப்பட வேண்டிய கணக்கெடுப்பு 1991இல் நடக்கவே இல்லை. 2001இல் நடந்தபோது முல்லைத்தீவில் எடுக்க முடியவில்லை. அடுத்தது 2012. முப்பத்தோர் ஆண்டுகள் ஒரு மாவட்டத்தின் மக்கள் முறையாக எண்ணப்படவில்லை.

இடைப்பட்ட காலத்தில் தொகை ஒரே நிலையில் இருக்கவும் இல்லை. 1995 அக்டோபர் இறுதியில் போரினால் யாழ்ப்பாணத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்து, அவர்களில் பலர் வன்னிக்குள் வந்தார்கள். மரத்தடிகளில் கிடுகுக் கொட்டில்கள் முளைத்தன. ஒரு பாடசாலைக் கட்டடத்தில் மூன்று பாடசாலைகள் நேரம் பிரித்து நடந்தன. 2004 டிசம்பர் 26 சுனாமியில் முல்லைத்தீவுக் கரையோரத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள்.

2009இல், போரின் இறுதி மாதங்களில், எண் என்பது உயிராகிவிட்டது. நந்திக்கடலுக்கும் கடலுக்கும் இடையிலான ஒடுங்கிய மணல் திட்டில், முள்ளிவாய்க்கால் வரைக்கும், மக்கள் நெருக்கித் தள்ளப்பட்டிருந்தபோது உள்ளே சுமார் 70 ஆயிரம் பேர்தான் இருக்கிறார்கள் என்று அரசு சொன்னது. உணவும் மருந்தும் அந்தக் கணக்கிற்கு ஏற்பவே. முடிவில் வவுனியா முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் மட்டும் 2 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல். 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு, போரைப் பற்றி விசாரிக்க அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் இரண்டு எண்களை வைத்தார்: 2008 அக்டோபரில் கச்சேரிப் (மாவட்டச் செயலகப்) பதிவுகளின்படி வன்னியில் இருந்தவர்கள் 429,059, அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380. மிகுதி 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். இரண்டு பதிவேடுகளைக் கழித்துக் கேட்ட கேள்வி அது. இன்றுவரை பதில் இல்லை.

ஆகவே 2012இன் 92 ஆயிரத்தை யாராவது ‘இயற்கையாகவே மக்கள் குறைந்த பகுதி’ என்று எழுதினால் எனக்குப் பொறுப்பதில்லை.

அப்படியானால் வெறுங்காணி நிறைய இருக்குமே, போய் வாங்கலாமா?

வெறுங்காணி என்று தோன்றுவதில் பலவற்றுக்கு உரியவர் இருக்கிறார். பத்து, இருபது ஆண்டுகள் ஆளில்லாமல் கிடந்த வயலில் வீரையும் பற்றையும் வளர்ந்து காடாகிவிடும். மேலிருந்து எடுத்த படத்தில் அது காடாகத்தான் தெரியும். வன இலாகா எல்லைக்கல் நாட்டிவிடும். திரும்பி வந்தவர் கையில் உறுதியும் இல்லை, பத்திரங்கள் ஓடும்போது தொலைந்துவிட்டன. அவர் காட்டுவதெல்லாம் ஒரு தூர்ந்த கிணறு, ஒரு புளியமரம், நான்கு தென்னை அடிக்கட்டை. இராணுவம் வைத்திருக்கும் காணிகள் வேறு. 2017இல் கேப்பாப்பிலவு மக்கள் முகாம் வாசலிலேயே இருந்து போராடியது அதற்காகத்தான். கண்ணிவெடி அகற்றப்படாத இடங்களும் இன்னும் சில உண்டு. யாரும் ‘மலிவாகக் கிடைக்கிறது’ என்றால், முதலில் அந்த ஊர்க் கிராம அலுவலரிடமும் பக்கத்து வீட்டுப் பெரியவரிடமும் போய்க் கேளுங்கள்.

மக்கள் என்ன செய்து பிழைக்கிறார்கள்?

நெல்தான் முதன்மை. மேட்டு நிலத்தில் கச்சான் (நிலக்கடலை), உழுந்து, பயறு, எள். மாடு வளர்ப்பு. கரையோரத்தில் மீன்பிடி, களப்புகளில் இறால். பெரிய தொழிற்சாலைகள் இல்லாத பகுதி. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை போரோடு நின்றுவிட்டது. கணவனை இழந்த பெண்கள் தலைமையில் நடக்கும் குடும்பங்கள் மிக அதிகம். கண்ணிவெடி அகற்றும் வேலையில் முழங்காலிட்டு மண்ணை அங்குலம் அங்குலமாகத் துழாவியவர்களில் அப்படிப்பட்ட பெண்கள் பலர்.

ஆட்கள் தூரத் தூர இருப்பதால் அன்றாட வாழ்வில் என்ன சிரமம்?

எல்லாவற்றுக்கும் தூரம்தான். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுப் பட்டினம் ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர்; ரயில் கிடையாது. ரயில் பாதை 2014இல் யாழ்ப்பாணம் வரை மீண்டும் திறக்கப்பட்டாலும் அது ஏ-9 என்னும் கண்டி–யாழ்ப்பாண வீதியோடு ஒட்டி ஓடுகிறது. உள்ளூரில் காலையில் போகும் பஸ்ஸைத் தவறவிட்டால் பாடசாலைப் பிள்ளைக்கு அன்றைய படிப்பு போய்விடும். இருபது பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை என்றால் ஆசிரியர் வருவதில்லை. மூடிவிட்டால் அந்தப் பிள்ளைகள் யானை நடமாடும் பாதையில் எட்டுக் கிலோமீற்றர் போக வேண்டும். ஒதுக்கீடு ஆள் எண்ணிக்கையின்படி வரும்போது வன்னிக்கு எப்போதும் குறைவாகவே வரும். ஆளை மட்டும் எண்ணாமல் தூரத்தையும் கணக்கில் எடுத்து நிதி ஒதுக்க வேண்டும். இதைக் கேட்டுக்கொண்டே இருப்போம்.

வன்னியைப் பார்க்க எப்போது வரலாம்?

தை, மாசியில் வந்தால் குளங்கள் நிறைந்திருக்கும், வயல் பச்சையிலிருந்து பொன்னிறத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். வெயிலைப் பொறுப்பீர்கள் என்றால் வைகாசி விசாகத்தை ஒட்டி வாருங்கள். வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் அப்போதுதான். முல்லைத்தீவுக் கடலில் எடுத்துவரும் உப்பு நீரில் திரியிட்டு விளக்கெரிப்பார்கள். அன்றிரவு நந்திக்கடல் ஓரமெல்லாம் சனம். லண்டனிலிருந்து வந்தவரும் கூழாமுறிப்பிலிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் வந்தவரும் பக்கத்தில் பக்கத்தில் அடுப்பு மூட்டுவார்கள். ஆகஸ்ட் நடுவில் மடு மாதா திருவிழா. அப்போது மன்னார்க் காட்டுக்குள் ஒரு பட்டணமே எழும்பும்.

ஏ-9 வழியாக வருவீர்கள் என்றால் பஸ் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்கும். சாரதி இறங்கித் தேங்காய் உடைப்பார். நீங்களும் இறங்கி, வரிசையாக இருக்கும் கச்சான் கடைகளில் ஒரு சுருள் சூடாக வாங்குங்கள். வறுத்துத் தரும் அம்மாவிடம் எந்த ஊர் என்று கேட்டுப் பாருங்கள். பஸ் புறப்படும் வரைக்கும் அவர் சொல்லும் ஊர்களின் பெயர்களை வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். பிறந்த ஊர், ஓடிப்போன ஊர்கள், திரும்பி வந்த ஊர் என்று அது நீளும்.